குடும்ப வன்முறை கேஸ்களில் இன்னும் மனதை விட்டுப் போகாத சந்திப்பு எது?

வைகைக்கரை
பெண்கள் உதவி எண் 181-க்குப் பக்கத்து வீட்டிலிருந்து போன புகார். நான் போனபோது மாமியார் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அடி வாங்கிய மருமகள், அந்த அக்கா, "ஒண்ணுமில்ல மேடம், வாய்ச்சண்டைதான்" என்றார். நமக்குத் தெரிந்த பதில்தான். தெருமுனையில் பைக் சத்தம் கேட்டது. ஒன்றாம் வகுப்புப் பையன் சட்டென்று டிவியை அணைத்தான். தங்கச்சியின் நோட்டு, பென்சிலைப் பொறுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தான். யாரும் சொல்லவில்லை. பைக் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது, வேறு யாரோ. அதற்குப் பிறகும் அவன் டிவியைப் போடவில்லை. புகார் இல்லையென்று அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் செய்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது?

தாமரைக்குளம்
எனக்கு ஒரு கையெழுத்து. ஒரு மகளிர் காவல் நிலையத்தில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். "இனி குடித்துவிட்டு அடிக்க மாட்டேன்" என்று கணவன் எழுதினான். அதே தாளில் "இனி கணவரை எதிர்த்துப் பேச மாட்டேன்" என்று மனைவியையும் எழுதச் சொன்னார்கள். வலது மணிக்கட்டில் கட்டு. இடது கையால் கோணல்மாணலாகப் போட்டாள். அடித்ததும் பேசியதும் ஒன்றா? கேட்டேன். "குடும்பம் பிரியக் கூடாதும்மா" என்றார்கள்.

பழைய களப்பணியாளர்
தாமரைக்குளம் தங்கச்சி, சமரசமே தப்பு என்பதுபோல எழுதாதீர்கள். பேசி, குடியை விட்டு, நன்றாக வாழும் ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். வைகைக்கரை, அம்மா மறுத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளுக்காக 1098 உதவி எண் இருக்கிறது, வகுப்பு ஆசிரியரிடமும் பேசலாம். புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மாமியார் முன்னால் கேள்வி கேட்கவே கேட்காதீர்கள். தண்ணீர் கேளுங்கள், அடுப்படி வரை கூடவே போங்கள். இந்த கேஸ்களுக்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம், நடந்த வன்முறையைப் பதியும் குடும்ப நிகழ்வு அறிக்கையைப் பதிந்துவிட்டால், பின்னால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் கோர்ட்டில் மனு போடும்போது அது பேசும். வீடு அவன் பெயரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது, அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவைச் சொல்லுங்கள், பலருக்குத் தெரியாது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ், இரண்டு செட் துணி எல்லாம் ஒரு பையில் தயாராக இருக்கட்டும். அவசரம் என்றால், பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் தங்க வைக்கலாம், அங்கே போவதற்கு எஃப்ஐஆர் தேவையில்லை.

செவ்வந்தி
ஐயா, சமரசம் பற்றி ஒன்று. கோர்ட் அனுப்பும் கவுன்சலிங்குக்கே அந்தச் சட்டத்தின் 2006 விதிகள் என்ன சொல்கின்றன? இனி வன்முறை செய்ய மாட்டேன் என்று உறுதி தர வேண்டியது எதிர்த்தரப்பு மட்டும்தான். "அவள் பேசினாள், அதனால் அடித்தேன்" என்ற நியாயத்துக்கு அங்கே இடமே இல்லை. அப்படியிருக்க, ஸ்டேஷனில் அவளிடம் ஏன் எழுதி வாங்க வேண்டும்? தாமரைக்குளம் கேட்டது சரியான கேள்வி.

அப்புறம் அந்தப் பை. நான் பார்த்த ஒருத்தி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவன் கண்ணில் பட்டுவிட்டது. ஒவ்வொரு பேப்பராக அவள் முன்னால் அடுப்பில் போட்டான். பாஸ்புக் எரியும்போது, "இப்ப போடி" என்றானாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, கணக்கு எண்ணை மனப்பாடமாக ஒப்பித்தாள். நகல்களை இப்போது ஜாக்கெட் தைக்கும் அக்கா கடையில் கொடுத்து வைத்திருக்கிறாள். பையை வீட்டுக்குள் வைக்கச் சொல்லாதீர்கள் ஐயா.