"எனக்குக் கணக்கு வராது" என்னும் மகளுக்கு எப்படி உதவலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறாள்; கூட்டிய பிறகு விடை அரைக்கும் குறைவாக வந்திருப்பதைச் சுட்டினால், யோசிப்பதற்கு முன்பே ரப்பரால் தடம் தெரியாமல் அழித்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராது" என்கிறாள். (பாட்டியும் "நம் குடும்பத்துக்கே வராது" என்று ஒத்து ஊதுகிறார்!) புத்திசாலி என்று புகழப்பட்ட குழந்தைகளைவிட, முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தோல்விக்குப் பின்னும் ஊன்றி நின்றதாக உளவியல் ஆய்வாளர்களான முல்லரும் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆனால், விடை தவறாக இருக்கையில் "நன்றாக முயன்றாய்" என்பது வெறும் ஆறுதலாகவே அவளுக்குப் படுகிறது. தவறை அழிக்காமல் அதிலிருந்தே அவளைச் சிந்திக்கவைக்க என்ன கேட்கலாம் என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் அனுபவத்திலிருந்து தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். மாமியாரின் மனம் நோகாமல் அந்தப் பேச்சை நிறுத்தும் வழியும் தேவை.