‘வெக்கை’: ஒன்றுமே நடக்காத நாவலா?

பழுப்புத்தாள்:
இந்த மாதம் படித்து முடித்தது பூமணியின் ‘வெக்கை’. இதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு அந்தச் சூட்டோடு எடுத்தேன். ஆரம்பத்திலேயே கொலை நடந்துவிடுகிறது. அப்புறம்? அப்பாவும் மகனும் காட்டில் ஒளிகிறார்கள், சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், ஊர்க்கதை பேசுகிறார்கள். படத்தில் என்னை உலுக்கிய அப்பாவின் முன்கதை நாவலில் இல்லவே இல்லை. ஏமாந்துபோனேன். அடுத்து அவருடைய ‘அஞ்ஞாடி’யைப் படிக்கலாம் என்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆயிரம் பக்கத்துக்கு மேல். இப்போது கை போகவில்லை.

இரவுவாசகி:
நாவல் வந்தது 1982இல், படம் 2019இல். பின்னால் வந்த படத்தில் இருப்பது நாவலில் இல்லையே என்று குறைப்பட்டால் எப்படி? ‘சமைக்கிறார்கள்’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டீர்கள். எனக்குத் தொண்டை அடைத்ததே அங்கேதான். மகன் சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. எதிரியின் கையை மட்டும் வெட்டத்தான் அவன் போகிறான், ஆளே செத்துவிடுகிறான். அப்படி வந்து நிற்கிற பிள்ளையை உட்காரவைத்து அய்யா நீதி சொல்வதில்லை. எதைத் தின்னலாம், எங்கே படுத்தால் ஆபத்தில்லை, இதுதான் பேச்சு. கொலை செய்துவிட்டு வந்தாலும் பிள்ளைக்குப் பசிக்குமே என்று நினைக்கிற அப்பாவை வேறு எந்த நாவலிலும் நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

பழுப்புத்தாள்:
நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் பதற்றம் எங்கே? துரத்துகிறவர்கள் பெரும்பாலும் பேச்சில்தான் வருகிறார்கள். பாதி நாவலில் இவர்கள் தலைமறைவாக இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

மூன்றாம்பக்கம்:
நான் படத்தின் பக்கம். படத்தில் அப்பா முதலில் அடங்கிப் போகிற மனிதர். அவர் ஏன் அப்படி ஆனார் என்பதை முன்கதை சொல்லும்போதுதான் நமக்கு உறைக்கிறது. நாவலின் அய்யா தொடக்கத்திலிருந்தே மகன் பக்கம் நிற்பவர், அதனால் அவருக்குள் பெரிய மாற்றமே இல்லை. முடிவும் அப்படித்தான். சரணடையக் கிளம்புவதோடு நாவல் நின்றுவிடுகிறது. படத்தில் மகனைப் படிக்கச் சொல்லிவிட்டுப் போகிறாரே, அதுதான் எனக்கு மனதில் தங்கியது. ‘அஞ்ஞாடி’யை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். 1979இல் வந்த ‘பிறகு’தான் பூமணியின் முதல் நாவல், சின்னது. அதைப் படித்தால் அவர் மொழி பழகிவிடும்.

இரவுவாசகி:
‘பிறகு’ முதலில் என்பது சரி, நானும் அதைத்தான் அடுத்துப் படிக்கப் போகிறேன். முடிவு விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சரணடையப் போகிறவர்களுக்கு என்ன நடக்கும் என்று அவர்களுக்கே தெரியாது. வாசகருக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?

பதற்றம் பற்றியும் ஒன்று. போன வாரம் இமையத்தின் ‘செல்லாத பணம்’ முடித்தேன், 2020க்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். மகள் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், வீட்டார் வெளியே காத்திருக்கிறார்கள். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் இரவு இரண்டு மணி வரை என்னால் கீழே வைக்க முடியவில்லை. யாரும் துரத்தினால்தான் பதற்றமா?

மூன்றாம்பக்கம்:
அந்த நாவலில் சாவு பக்கத்திலேயே நிற்கிறது. ‘வெக்கை’யில் காடு அவர்களைக் காப்பாற்றிவிடுகிறது. இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

பழுப்புத்தாள்:
முன்கதை இல்லாதது குறைதான், அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் கையை மட்டும் வெட்டப் போனான் என்கிற இடத்தை நான் வேகமாகத் தாண்டிவிட்டேன் போலிருக்கிறது. படத்துக் கொலைக்காட்சியே கண்ணில் நின்றதால் வரிகளைச் சரியாகப் படிக்கவில்லை. இன்று இரவு முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படிக்கிறேன். ‘பிறகு’ அதற்கப்புறம்.