புளியரை இறக்கத்தில் இடப்பக்கம் இழுக்கும் 1949 ஃபோர்டு ப்ரீஃபெக்ட்: ராடு பிரேக்கைச் சரிசெய்வதா, மாற்றிவிடுவதா?

கேள்வி (செங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1949-ஆம் ஆண்டின் ஃபோர்டு ப்ரீஃபெக்ட் கார் ஒன்று இருக்கிறது. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் தாத்தா புனலூரில் வாங்கிய வண்டி. எஞ்சினில் குறை ஏதும் இல்லாததால் ஆரியங்காவு வரை அவ்வப்போது ஓட்டிச் செல்வதுண்டு. தொல்லை பிரேக்கில்தான். இந்த வண்டியில் பிரேக் ஆயில் என்ற பேச்சே கிடையாது. பெடலை மிதித்தால் நான்கு சக்கரங்களையும் இரும்பு ராடுகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன.

கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு இறங்கும் எஸ் வளைவுகளில் பெடல் ஏறக்குறைய தரையைத் தொடுகிறது; வண்டியும் இடப்பக்கம் இழுக்கிறது. கீழே வந்து தொட்டுப் பார்த்தால் முன் இடது டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை) கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிறது, முன் வலது டிரம் வெதுவெதுப்பாகக்கூட இல்லை. உள்ளூர் மெக்கானிக் ஒருவர் ராடுகளின் முனையைத் திருகி நீளத்தைக் குறைத்துக் கொடுத்தார். சில நாட்கள் நன்றாக இருந்து, பிறகு பழைய கதையே. இப்போது அவர், வேறு வண்டியின் மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டர்களையும் வைத்து, பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்காக மாற்றிவிடலாம் என்கிறார். மாற்றுவதுதான் நல்லதா, இருப்பதைப் பழுதுபார்த்தால் போதுமா? பழுதுபார்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில் (தென்காசி)

தம்பி, முதல் வேலையாக அந்த ராடுகளைப் பழைய நீளத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள். டிரம்மின் உள்பக்கத்தில் உரசிப் பிடிக்கும் லைனிங் தேயத் தேய ஏற்படும் இடைவெளியைச் சக்கரத்தில் உள்ள அட்ஜஸ்டரில்தான் எடுக்க வேண்டுமே தவிர ராடில் எடுக்கக் கூடாது. ராடைக் குறுக்கினால், பெடலை மிதிக்காத நிலையிலேயே லீவர்கள் பாதி தூரம் இழுபட்டு நிற்கும். மிதிக்கும்போது எந்தக் கோணத்தில் அவற்றின் பிடி மிக வலுவாக இருக்குமோ அந்தக் கோணத்தைத் தாண்டிவிடும். பெடல் உயர்ந்ததுபோல் தெரிந்தாலும் பிடிப்பு குறைந்துதான் போகும்.

அடுத்து, நான்கு சக்கரங்களையும் தூக்கி நிறுத்திவிட்டு, ஒருவர் பெடலை மெல்ல மிதிக்க, நீங்கள் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கவனியுங்கள். ராடின் முனையில் இருக்கும் கவட்டையும் அதன் ஊடே ஆணிபோல் போகும் பின்னும்தான் பெரும்பாலும் குற்றவாளி. எழுபது ஆண்டு ஓடிய பின்னைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு ஓரமும் தடித்து, நடுவில் இடை சிறுத்திருக்கும். அது நுழைந்த துளையோ முட்டை வடிவில் நீண்டிருக்கும். ஒரு மூட்டில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் பெரிதாகத் தோன்றாது. பெடலிலிருந்து சக்கரம் வரை ஆறு மூட்டுகள் இருந்தால் மூன்று மில்லிமீட்டர் ஆகிவிடும். அது பெடலின் நெம்புகோல் நீளத்தால் பெருகித்தான் உங்கள் காலுக்கு வந்து சேர்கிறது. துளையைச் சீராக அகலப்படுத்தும் ரீமர் போட்டு வட்டமாக்கி, அந்த அளவுக்குத் தக்க தடித்த பின்னை நல்ல எஃகில் லேத்தில் கடைந்து போடுங்கள். துளை மிகவும் அகன்றிருந்தால் புஷ் (உள்வளையம்) அடிக்கலாம். ராடையோ கவட்டையையோ வெட்டி வெல்டிங் வைப்பதாக யாராவது சொன்னால் வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஒரு பக்கம் இழுப்பதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும். இந்த வண்டியில் இருப்பது கர்லிங் வகை பிரேக். ராடு ஓர் ஆப்பை உள்ளே இழுக்க, அது லைனிங் தாங்கிய இரண்டு ஷூக்களையும் விரிக்கிறது. அந்த ஆப்பு இருக்கும் கூடு, டிரம்முக்குப் பின்னால் சுற்றாமல் நிற்கும் பின்தகட்டில் சற்றே நகரும்படி அமைந்திருக்கும். அப்போதுதான் இரண்டு ஷூக்களுக்கும் அழுத்தம் சமமாகப் போகும். துரு பிடித்தோ, பழைய கிரீஸ் கட்டியாகியோ அது சிக்கிக்கொண்டால் ஒரு ஷூ மட்டுமே வேலை செய்யும், அல்லது சக்கரமே பிடிக்காது. உங்கள் வலது டிரம் குளிர்ந்து கிடப்பதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். முன் சக்கர பேரிங்கிலும், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னிலும் ஆட்டம் இருந்தாலும் இழுக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பதில் (நாகர்கோவில்)

மேலே அண்ணாச்சி சொன்னதோடு லைனிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரம்மைக் கழற்றியதும், லைனிங்கை ஷூவில் பிடித்திருக்கும் ரிவிட் தலை தெரிகிறதா, லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். பின் ஆக்சிலின் ஆயில் சீல் கசிந்து ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் போடுவது வீண். சூடேறியதும் எண்ணெய் மறுபடி மேலே வரும். சீலை மாற்றிய பிறகே புது லைனிங் அடிக்க வேண்டும்.

லாரிகளுக்கு லைனிங் அடிக்கும் பட்டறைகளிலேயே உங்கள் ஷூவுக்கும் அடித்துத் தருவார்கள். ஆனால் அங்கே கையிருப்பில் இருக்கும் கெட்டியான லைனிங்கை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது பவர் பிரேக் வண்டிகளுக்கானது. உங்கள் வண்டியில் காலின் பலத்தைத் தவிர வேறு துணை இல்லாததால், மிருதுவான நெய்த வகை லைனிங்தான் பொருந்தும். சீக்கிரம் தேயும், ஆனால் பிடிக்கும். டிரம்மில் வரிப்பள்ளம் இருந்தாலோ, வட்டம் கெட்டிருந்தாலோ லேத்தில் மெல்லிசாக மட்டும் கடையச் சொல்லுங்கள், மாற்று டிரம் எளிதில் கிடைக்காது. கடைந்த டிரம்மின் வளைவுக்கேற்ப லைனிங்கையும் தேய்த்துப் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் ஷூவின் நடுப்பகுதியோ நுனியோ மட்டும் தொட்டுக்கொண்டு, புது லைனிங் போட்டும் பிடிக்கவில்லையே என்று நிற்பீர்கள்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதவே கூடாது. தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பட்டறைகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பதில் (புனலூர்)

ஹைட்ராலிக் மாற்றத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாற்றவே முடியாதென்பதல்ல. வேறு வண்டியின் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் விட்டம், பெடலின் நெம்பு அளவு எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும். கண்மதிப்பில் பொருத்தினால் முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பழைய ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை வைத்தால், ஒரு குழாய் விட்டாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. எஸ் வளைவில் எனக்கு இது நினைக்கவே பிடிக்கவில்லை. ராடு பிரேக் ஒழுங்காக இருந்தால் இந்த எடைக்கும் இந்த வேகத்துக்கும் தாராளமாகப் போதும். சாரல் காலத்தில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் பிடிப்பு குறையும் என்பது உண்மைதான், ஆனால் அது ஹைட்ராலிக் டிரம்முக்கும் பொதுவான குறை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அண்ணாச்சி சொன்னபடியே வலது முன் சக்கரத்தைக் கழற்றினோம். கூடு அசையவே இல்லை, துரு ஏறி இறுகிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்துவிட்டு ஷூக்களை லைனிங் அடிக்கக் கொடுத்திருக்கிறோம். எல்லாம் பொருத்திய பின் அட்ஜஸ்ட் செய்யும் முறையை மட்டும் சொல்லுங்கள்.

பதில் (தென்காசி)

நல்லது தம்பி. புது லைனிங் போட்டதும் பெடலைச் சில முறை அழுத்தி மிதித்து ஷூக்களை டிரம்முக்குள் ஒழுங்காக அமரவிடுங்கள். பிறகு பின்தகட்டில் தெரியும் அட்ஜஸ்டரின் சதுரத் தலையைச் சக்கரம் சுற்றாமல் நிற்கும்வரை முறுக்கி, அங்கிருந்து ஒரு கிளிக் அல்லது இரண்டு கிளிக் தளர்த்துங்கள். சக்கரம் உரசாமல் சுற்ற வேண்டும். நான்கையும் ஒரே மாதிரி வைத்த பிறகே ராடின் நீளத்தைப் பாருங்கள்: லீவர் முழுதாகத் தளர்ந்திருக்கும் நிலையில் கவட்டையின் பின், துளைக்குள் தானாக நுழைய வேண்டும், இழுத்துப் பிடித்து நுழைக்கக் கூடாது. அந்தப் பின்கள் நழுவாமல் காக்கும் ஸ்பிளிட் பின்கள் எல்லாம் புதிதாகப் போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போட வேண்டாம். லைனிங் படியும்வரை ஊருக்குள் சமதளத்தில் ஓட்டி, மறுபடி ஒருமுறை அட்ஜஸ்ட் செய்துவிட்டுக் கோட்டைவாசல் ஏறுங்கள். இறங்கும்போது மேலிருந்தே இரண்டாம் கியரில் வாருங்கள். மூன்றில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் எந்த லைனிங்கும் தாங்காது.