யூனிட்டி தெரியாமல் எக்ஸ்ஆர் டெமோ செய்ய முடியுமா?

ஈசூன்_மீனா:
பாலிடெக்னிக்கில் டிசைன் படிக்கிறேன். முதியோருக்கான வடிவமைப்புப் போட்டியில் சேர்ந்திருக்கிறோம். சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தைக்குள் (மீன், இறைச்சி, காய்கறி விற்கும் சந்தை) எந்தக் கடை எங்கே என்று பாட்டிமார்களுக்குக் கண்முன்னே அம்புக்குறி காட்ட வேண்டும், அதுதான் யோசனை. மாதக் கடைசியில் நடுவர்கள் பார்க்கிறார்கள். இரவல் வாங்கிய ஒரு குவெஸ்ட் 3 ஹெட்செட் (தலையில் மாட்டிப் பார்க்கும் கருவி) இருக்கிறது. இப்படிக் கண்முன்னே கணினிக் காட்சி காட்டுவதைத்தான் எக்ஸ்ஆர் என்கிறார்கள்; அதைச் செய்யப் பயன்படும் யூனிட்டி மென்பொருள் குழுவில் யாருக்கும் தெரியாது. எங்கே தொடங்குவது?

புளோக்_அண்ணன்:
மீனா, யூனிட்டியை இப்போது தொடாதீர்கள். சாமான் பையோடு நிற்கும் பாட்டி அம்புக்குறியைப் பார்த்துத் திரும்புவாரா, அதுதான் முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஹெட்செட்டே வேண்டாம். வாய்ட் டெக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில்) மாஸ்கிங் டேப் ஒட்டிச் சந்தையின் நடைவழியைப் போடுங்கள். அட்டை அம்புக்குறியைக் குச்சியில் கட்டி, ஒருவர் பாட்டிக்கு முன்னால் பிடித்தபடி நடக்கட்டும். தரையில் இருந்தால் பார்க்கிறாரா, கண் மட்டத்தில் இருந்தால் பார்க்கிறாரா என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, சுற்றிலும் எல்லாப் பக்கமும் எடுக்கும் 360 கேமராவில் சந்தையைப் படம் எடுங்கள். ஏ-ஃபிரேம் என்ற இணையக் கருவித்தொகுப்பில் சில வரி எச்டிஎம்எல் (இணையப் பக்கம் எழுதும் குறிமொழி) எழுதினால் அந்தப் படம் ஆளைச் சுற்றி நிற்கும். குவெஸ்ட் பிரவுசரிலேயே திறக்கலாம். முகவரி மட்டும் எச்டிடிபிஎஸ்ஸாக (பாதுகாப்பான இணைய முகவரியாக) இருக்க வேண்டும், இல்லையென்றால் விஆருக்குள், அதாவது ஆளைச் சூழும் காட்சிக்குள், போகாது. பாட்டியை நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிவிடுங்கள். கன்ட்ரோலரை அவரிடம் தராதீர்கள், நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பார்ப்பதை மடிக்கணினியில் காஸ்ட் செய்து பார்த்துக்கொண்டே, அவர் திரும்பும்போது பொத்தானை அழுத்தி அம்புக்குறியை மாற்றுங்கள். இடத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் நிரல் பிறகு வரட்டும். ஆள்தான் இயக்குகிறார் என்று நடுவர்களிடம் சொல்லிவிடுங்கள். புரோட்டோடைப்பில் இது வழக்கம்தான்.

சிராங்கூன்_ராஜா:
எதற்கு ஹெட்செட்? எந்தப் பாட்டி அதை மாட்டிக்கொண்டு ஈரத் தரையில் நடப்பார்? போனில் செய்யுங்கள்.

புளோக்_அண்ணன்:
சந்தைக்குள் மாட்டிக்கொண்டு நடக்க யாரும் சொல்லவில்லையே ராஜா. உட்கார்ந்த இடத்தில் சோதித்துப் பார்க்கத்தான் ஹெட்செட். போனில் செய்தாலும் சிக்கல் உண்டு: ஐபோன் சஃபாரியில் வெப்எக்ஸ்ஆர் ஏஆர் (பிரவுசரிலேயே கேமரா காட்சியின் மேல் அம்புக்குறி போன்றவற்றைக் காட்டும் வசதி) ஓடாது. நடுவர் கையில் எந்தப் போன் இருக்குமோ.

ஈசூன்_மீனா:
நன்றி அண்ணா. படம் நன்றாக வருகிறது. ‘கோழிக் கடை’ என்று தமிழில் பலகை வைத்தேன், எழுத்துதான் சரியாக வரவில்லை.

புளோக்_அண்ணன்:
ஏ-ஃபிரேமோடு வரும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. யூனிட்டிக்குப் போனாலும் இந்தத் தொல்லை விடாது. அதில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் தமிழ் எழுத்துருவைப் போட்டாலும் ‘கோ’வின் கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். போட்டி நேரத்தில் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பலகையைப் பிஎன்ஜி படமாகச் செய்து ஒட்டிவிடுங்கள். எழுத்து தடிமனாகவும் பெரிதாகவும் இருக்கட்டும். குவெஸ்ட் 3-இல் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குச் சுமார் 25 பிக்சல்தான், மெல்லிய சுழியெல்லாம் கரைந்துபோகும். பாட்டி மூக்குக்கண்ணாடி போடுபவரா? அதோடு ஹெட்செட் மாட்ட முடிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.