லூபன் தி தேர்ட்: 145, 155ஆம் அத்தியாயங்களுக்கு சப்டைட்டில் உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. திருடன் லூபனைப் பற்றிய ஜப்பானிய அனிமே தொடரில் சிவப்புக் கோட்டு லூபன் (2ஆவது தொடர், 1977–80) பார்த்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள். அனிமே இயக்குநர் ஹயாவோ மியாசாகி புனைபெயரில் இயக்கிய 145, 155 இரண்டுக்கும்தான் சிக்கல். அந்த ரோபோ வரும் கடைசி அத்தியாயத்தை வசனம் பிசகாமல் பார்த்தே ஆகணும்!

வீடியோ இத்தாலிய டிவிடி, நொடிக்கு 25 ஃபிரேம். சப்டைட்டில் 23.976க்குப் போட்டது. அதனால் தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போகப் பின்தங்கி, முடிவில் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தாமதம். விஎல்சி வீடியோ பிளேயரில் ஜி, எச் விசைகளால் நகர்த்திப் பயனில்லை. அது ஒரே அளவு விலகலுக்குத்தான் உதவும். ‘சப்டைட்டில் எடிட்’ மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை மாற்றியதும் முதல் பாதி கச்சிதம். விளம்பர இடைவேளைக்குப் பிறகு மறுபடி 5 நொடி விலகல். அங்கே இடைவேளை அட்டையை (விளம்பரத்தை ஒட்டி வரும் சில நொடித் தலைப்புக் காட்சியை) வெட்டியிருக்கிறார்கள்.

ஒலியை வைத்துத் தானாகப் பொருத்தும் மென்பொருள் இத்தாலிய டப்பிங்கோடு ஒத்துவருமா? இல்லை, இரண்டாம் பாதியை மட்டும் கையால் நகர்த்துவதே நல்லதா?