புதுப்பிப்பு: செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சி

எங்கள் குடியிருப்பில் புல்தரையைச் சுற்றியுள்ள செம்பருத்தி வேலியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது, தோட்டக்காரர் வாங்கி வந்த மருந்தை அடிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அடிக்கவில்லை. பாட்டிலில் மஞ்சள் முக்கோணம். நம் நாட்டு லேபிளில் சிவப்புக்கு அடுத்த கடுமை அதுதான். அப்புறம்தான் நீலம், பச்சை. சாயங்காலம் பிள்ளைகள் புரளும் புல்தரைக்குப் பக்கத்தில் அது எதற்கு?

மோசமான கொப்புகளை வெட்டிப் பையில் கட்டினோம். மிச்சத்தில் இலையடியில் ஹோஸ் வைத்து வேகமாகப் பீய்ச்சியதிலேயே பாதி உதிர்ந்துவிட்டது. பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய மட்டும் கொஞ்சம் சோப்பு. வெயில் தாழ்ந்த பிறகே அடித்தோம். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், தேனீக்களும் அந்த நேரத்தில்தான் பூவில் இருக்கும். எறும்புகளையும் விடக்கூடாது. மாவுப்பூச்சி விடும் தேன் பிசினுக்காக அதற்குக் காவல் நிற்பதே அவைதான்.

ஒரு விஷயம். மாவுப்பூச்சி போலவே வெள்ளை மெழுகுக் குஞ்சத்தோடு, ஆனால் பெரிதாக, தொட்டால் விறுவிறுவென்று ஓடும் புழுக்கள் தென்பட்டால் நசுக்காதீர்கள். அது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்பது. அது இருந்த இரண்டு செடிகளில் வேப்பெண்ணெய்கூட அடிக்கவில்லை.

மதில் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அங்கே ஹோஸ் எட்டவில்லை, நீளமாக ஒன்று வாங்க வேண்டும்.