தாரெஸ்ஸலாமுக்கு வருகிறவர்களுக்கு: முதலில் நலம் விசாரிப்பு, அப்புறம் விலை

அடுத்த மாதம் கணவரோடும் கைக்குழந்தையோடும் வருகிறேன், ஆங்கிலத்தை வைத்தே சமாளித்துவிடலாமா என்று கேட்டிருந்த தங்கைக்கு இதை எழுதுகிறேன். நான் தான்சானியாவின் இந்தத் தாரெஸ்ஸலாம் நகருக்கு வந்து 11 வருடம் ஆகிறது. அலுவலகத்திலும் பெரிய கடைகளிலும் ஆங்கிலம் போதும். கீரை வாங்குவது, குழாய்க்கு ஆள் கூப்பிடுவது, பாஜாஜிக்குப் பேரம் பேசுவது எல்லாம் சுவாஹிலியில்தான். பாஜாஜி என்றால் நம்ம ஆட்டோ. கம்பெனி பெயரே இங்கே வண்டிக்குப் பெயராகிவிட்டது. ஆகவே வந்த முதல் வாரத்திலேயே மொழியைத் தொடங்கிவிடுங்கள். அதுவும் விசாரிப்புச் சொற்களிலிருந்து தொடங்குங்கள்.

வந்த புதிதில் எங்கள் தெருமுனைக் கீரைக்காரம்மாவிடம் போய் நேராக "பெய் கனி?" என்றேன். என்ன விலை என்று அர்த்தம். அவர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ம்ச்சிச்சாக் கீரைக் கட்டைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, நிதானமாக, "ஹபாரி ஸா அஸுபுஹி?" என்று கேட்டார். காலைப் பொழுது எப்படி இருக்கிறது என்று. நான் "ந்ஸூரி" என்று பதில் சொன்ன பிறகுதான் விலை வந்தது. கோபமெல்லாம் இல்லை, சொல்லிக்கொடுத்தார், அவ்வளவுதான். இங்கே விசாரிக்காமல் பேச்சைத் தொடங்குவது, வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருப்பதற்குச் சமம்.

உங்களைவிட வயதில் மூத்தவர் என்றால் "ஷிகமோ" சொல்ல வேண்டும். உங்கள் காலைப் பிடிக்கிறேன் என்பதுதான் அந்தச் சொல்லின் மூலப்பொருள் என்பார்கள். அவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்வார். நாம் குனிந்து காலைத் தொடுகிறோம், இவர்கள் அதைச் சொல்லிலேயே செய்துவிடுகிறார்கள். உங்கள் குழந்தைக்கும் இதையே முதலில் பழக்குங்கள், தெருவே கொண்டாடும். அப்புறம் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'மாமா' போட்டுக் குழந்தை பெயரைச் சேர்ப்பார்கள். மாமா என்றால் அம்மா. நம் ஊரில் "முருகன் அம்மா" என்று கூப்பிடுவோமே, அதேதான்.

நேரக் கணக்கு மிக முக்கியம். இதில் நான் ஒரு நாளையே தொலைத்தேன். குழாய் பழுதுபார்க்கும் ஃபுண்டி "ஸா நானே" வருகிறேன் என்றார். நானே என்றால் எட்டு. காலை 8 மணிக்கே காத்திருக்க ஆரம்பித்தேன். அவர் மதியம் 2 மணிக்கு, சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்தார். இங்கே பொழுது விடிவதிலிருந்து மணி எண்ணுகிறார்கள். காலை 7 மணிதான் ஒரு மணி, நண்பகல் 12 ஆறு மணி. பூமத்தியரேகைக்குப் பக்கம் என்பதால் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடிகிறது, கணக்கு மாறாது. நம் பஞ்சாங்கத்தில் உதயத்திலிருந்து நாழிகை எண்ணுவதை நினைத்தால் மனதில் பதிந்துவிடும். சுலப வழி ஒன்று உண்டு: கடிகாரத்தில் அவர்கள் சொல்லும் எண்ணுக்கு நேர் எதிரில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். எட்டுக்கு எதிரே இரண்டு.

இலக்கணம் தமிழருக்கு அந்நியமாக இருக்காது. "வருவேன்" என்பதில் வினை முன்னால், காலம் நடுவில், ஆள் கடைசியில். சுவாஹிலியில் "நிதாகுஜா": நி என்றால் நான், தா எதிர்காலம், குஜா வருவது. கண்ணாடியில் பார்ப்பது மாதிரி இருக்கும். "நிதாகுபிகியா" என்ற ஒரே சொல்லுக்கு, உனக்காகச் சமைப்பேன் என்று பொருள். ஒட்டு ஒட்டாகச் சொல் கட்டுவது நமக்குப் பிறவிப் பழக்கம்தானே.

இந்த நாட்டில் 120க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. சுதந்திரத்துக்கு முன்பே, 1954 ஜூலை 7 அன்று, பின்னாளில் நாட்டின் முதல் அதிபரான ஜூலியஸ் நியெரேரேயின் டானு கட்சி சுவாஹிலியைப் போராட்டத்தின் மொழியாக ஏற்றது. அந்த ஜூலை 7தான் உலக சுவாஹிலி தினம் என்று யுனெஸ்கோ 2021ல் அறிவித்தது. நியெரேரேயை மக்கள் இன்றும் 'ம்வாலிமு', அதாவது ஆசிரியர், என்றுதான் சொல்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் 2 நாடகங்களைச் சுவாஹிலிக்குக் கொண்டுவந்தவர் அவர். ஆட்சியில் இருந்துகொண்டே இதற்கு உட்கார்ந்தார் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். பள்ளி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசுத் தொடக்கப் பள்ளி சுவாஹிலி வழி, இடைநிலைக்குப் போனதும் ஆங்கில வழி. இந்தத் தாவலில் பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள் என்று தாரெஸ்ஸலாம் பல்கலைக்கழகத்தின் மார்த்தா க்கோரோ போன்ற ஆய்வாளர்கள் பல வருடமாகச் சொல்லி வருகிறார்கள். உங்கள் குழந்தை தனியார் பள்ளிக்கே போனாலும், வீட்டில் தமிழும் தெருவில் சுவாஹிலியும் கட்டாயம் வளரட்டும்.

துணி வாங்கும்போது ஒரு கவனம். கங்கா என்ற பருத்தித் துணியை ஜோடியாக விற்பார்கள். அதில் ஒரு வரி வாசகம் அச்சாகியிருக்கும், அதற்கு 'ஜினா' என்று பெயர். நிறம் பிடித்து நான் வாங்கியதில் "ஹசிதி ஹனா சபாபு" என்றிருந்தது. பொறாமைக்காரருக்குக் காரணம் தேவையில்லை என்று பொருள். அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனதும் அந்த அக்கா, "யாருக்குச் சொல்கிறாய்?" என்று நிஜமாகவே கேட்டார். வாயால் சொல்ல முடியாததைப் பெண்கள் இங்கே துணியால் சொல்கிறார்கள். வாசித்துவிட்டு வாங்குங்கள்.

என் அப்பா ஊரில் இறந்தபோது எனக்கு விமானம் கிடைக்கவில்லை. அன்று மாலை வாசலில் "ஹோடி" என்று குரல் கேட்டது. உள்ளே வரலாமா என்று கேட்கும் சொல் அது. "கரிபு" என்றேன். கங்கா சுற்றிய ஏழெட்டுப் பெண்கள் பாயோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் "போலே ஸானா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். போலே என்பதற்கு ஈடாகத் தமிழில் ஒற்றைச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. காய்ச்சலில் படுத்தவருக்கும் சொல்வார்கள், சுமை தூக்கி வருகிறவருக்கும் சொல்வார்கள். கிளம்பும்போது கீரைக்காரம்மா என் கையில் மடித்த நோட்டுகளை வைத்தார். ரம்பிரம்பி என்று துக்க வீட்டுக்குக் கொடுப்பது வழக்கம். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், நாளைக்கு நீங்களும் போய்க் கொடுங்கள்.

கடைசியாக, தேங்காய்த் துருவி கொண்டுவரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். உட்கார்ந்து துருவும் மரப்பலகையே இங்கே கரியாகோ சந்தையில் கிடைக்கும், நம் பாட்டி வீட்டில் இருந்த அதே அமைப்பு. அதற்குப் பெயர் ம்புஸி. ஆட்டுக்கும் அதே பெயர்தான். ஆனால் உயிருள்ளதை "ம்புஸி ஹுயு" என்பார்கள், மனிதரைச் சுட்டும் அதே சொல்லால். துருவியை "ம்புஸி ஹியி" என்று கேளுங்கள்.